பொலிகிடா: மந்தையின் விதை

விதைக்குக் கதிர் பொறுக்குவது நம் உழவர் பெருமக்களுக்குப் புதிய செய்தி அல்ல. கம்பானாலும் சோளமானாலும், அறுவடைக்கு முன்பே காட்டைச் சுற்றி வந்து, நெருக்கமாக மணி பிடித்த, நோய் படாத கதிர்களைத் தனியே எடுத்துக் காயவைத்துப் பத்திரப்படுத்துவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். எவ்வளவு பணமுடை வந்தாலும் விதைத் தானியத்தில் கை வைப்பதில்லை. விதை போனால் அடுத்த வெள்ளாமை போயிற்று என்பதை எல்லோரும் அறிவர்.

ஆனால் அதே உழவரின் ஆட்டுப் பட்டியில் நடப்பது இதற்கு நேர்மாறாக இருக்கிறது. மந்தையில் முதலில் வளர்ந்து, முதலில் சதைப்பிடிப்புக் காணும் கிடாக்குட்டியே முதலில் விலை போகிறது. விற்க முடியாமல் பின்தங்கிய குட்டியே பட்டியில் மிஞ்சுகிறது. அதுவே பருவத்துக்கு வந்து, அடுத்த தலைமுறைக்குத் தகப்பனாகவும் ஆகிவிடுகிறது. பருமணிக் கதிரையெல்லாம் விற்றுவிட்டுப் பதரை விதைத்தால் என்ன விளையுமோ, அதுவே மந்தையிலும் விளைகிறது.

உழவியல் துறையில் பணிபுரிவோர் ஆட்டைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. கரிசல் காட்டு மானாவாரி வேளாண்மையில் ஆடு தனிப்பட்ட தொழில் அல்ல. சோளத் தட்டையும், பயறு வகைகளின் பொட்டும், அறுவடை முடிந்த பருத்திக் காட்டின் இலையும் ஆட்டுக்குத் தீவனம். ஆட்டுக் கிடை போட்ட காட்டுக்கு அடுத்த பருவத்தில் உரச் செலவு குறைகிறது. ஆகவே மந்தை நலிந்தால் காடும் நலியும்.

நல்ல கிடா எங்கே போகிறது?

சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை வட்டாரங்களில் பல குடும்பங்களுக்கு வருமானம் மூன்று வழிகளில் வருகிறது. ஒன்று மானாவாரிக் காடு. இரண்டாவது தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் கிடைக்கும் கூலி. மூன்றாவது பத்து இருபது உருப்படி கொண்ட ஆட்டு மந்தை. முதல் வழி மழையை நம்பியது. இரண்டாவது வழியோ மழை பெய்தால் தடைப்படுவது. வெயில் இல்லாத நாளில் பட்டாசு காயாது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்களைப் பயன்படுத்தத் தடை விதித்து, பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தபோது ஆலைகள் நின்று, கூலி இல்லாத மாதங்களும் இப்பகுதி மக்களுக்கு வந்தன. இத்தகைய வேளைகளில் பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் கைகொடுப்பது பட்டியில் நிற்கும் ஆடுதான்.

கைகொடுக்கும் ஆட்டை அவசரத்துக்கு விற்பதில் தவறு எதுவும் இல்லை. எந்த ஆட்டை விற்கிறோம் என்பதே இங்கு கேள்வி. தீபாவளி, பக்ரீத், ஊர்க் கொடை நெருங்கும்போது வியாபாரி பட்டிக்கே வந்து, மந்தையில் எடுப்பாக நிற்கும் கிடாவைத்தான் கேட்கிறார். எட்டயபுரம் சந்தைக்கு ஓட்டிச் செல்லும்போதும் நல்ல கிடாவே நல்ல விலை பெறுகிறது. இப்படி ஒவ்வோர் ஆண்டும் சிறந்த தலை கழிந்து, எஞ்சிய தலை இனம் பெருக்கினால், யாரும் திட்டமிடாமலே மந்தை சிறுத்துக்கொண்டு வரும். "அந்தக் காலத்து ஆடுபோல் இப்போது இல்லை" என்று பெரியவர்கள் சொல்வதற்கு மேய்ச்சல் நிலம் குறைந்தது ஒரு காரணம். விதைக்கிடாவை விற்றதும் ஒரு காரணம்.

குதிரை வளர்ப்போர் காட்டிய வழி

ஓர் ஆண் விலங்கின் வம்சத்துக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை உலகில் எல்லோருக்கும் முன்பாக ஏட்டில் எழுதிக் காட்டியவர்கள் பந்தயக் குதிரை வளர்ப்போரே. கரிசல் காட்டு ஆட்டுக்கும் பந்தயக் குதிரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பந்தயமும் பணமும் நமக்கு வேண்டாம். அவர்கள் பொலிகுதிரையைத் தேர்ந்தெடுத்த முறை மட்டும் நமக்குப் போதும்.

'தரோபிரெட்' எனப்படும் உயர் ரகப் பந்தயக் குதிரை இனம் இங்கிலாந்தில் உருவாயிற்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கீழை நாடுகளிலிருந்து அங்கு கொண்டு செல்லப்பட்ட பொலிகுதிரைகளை உள்நாட்டுப் பெட்டைக் குதிரைகளோடு சேர்த்தனர். அவற்றுள் பயர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்பின் அரேபியன் ஆகிய மூன்றின் ஆண்வழி மட்டுமே இன்றுவரை தொடர்கிறது. உலகில் இன்று ஓடும் எந்தத் தரோபிரெட் குதிரையின் தகப்பன் வழியைப் பின்னோக்கிச் சென்றாலும், இம்மூன்றில் ஒன்றில் போய் முடியும். மிகப் பெரும்பாலானவை டார்லி அரேபியனில் முடிகின்றன.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் ஒரு புத்தகம். இக்குதிரைகளின் பொது வம்சப் பதிவேடு இங்கிலாந்தில் 1791-ஆம் ஆண்டில் முதன்முதலாக அச்சிடப்பட்டது. எந்தக் குட்டி எந்தப் பெட்டைக்கு, எந்தப் பொலிகுதிரைக்கு, எந்த ஆண்டில் பிறந்தது என்பது அதில் வரிசையாக எழுதப்பட்டது. அதன் வழியைப் பின்பற்றிப் பல நாடுகளில் பதிவேடுகள் ஏற்பட்டன. நம் நாட்டுக்கும் தனிப் பதிவேடு உண்டு. இன்று குட்டியின் தாய் தகப்பனை மரபணுச் சோதனை மூலம் உறுதி செய்த பிறகே பெயர் பதிகிறார்கள். இவ்வினத்தில் செயற்கைமுறைக் கருவூட்டலுக்கு அனுமதி இல்லை. பொலிகுதிரை நேராகச் சேர்ந்து பிறந்த குட்டியே பதிவு பெறும்.

இவ்வினத்தின் தலைசிறந்த தகப்பன்களுள் 'எக்லிப்ஸ்' என்னும் குதிரையும் ஒன்று. அது டார்லி அரேபியனின் கொள்ளுப்பேரனுக்கு மகன். 1764 ஏப்ரல் 1-ஆம் நாள் சூரிய கிரகணத்தன்று பிறந்ததால், கிரகணம் என்னும் பொருள் தரும் அந்தப் பெயரே அதற்கு இடப்பட்டது. ஓடிய பந்தயம் எதிலும் அது தோற்றதில்லை. கிரகணத்தில் பிறந்தது ஆகாது என்று அன்றைக்கே அதைத் தள்ளியிருந்தால், ஒரு பெரிய வம்சமே இல்லாமல் போயிருக்கும்.

இதில் நாம் மனத்தில் கொள்ளவேண்டியது ஒன்று உண்டு. ஓட்டத்தில் வென்ற குதிரையை அவர்கள் விற்றுத் தீர்க்கவில்லை. வென்றதையே பொலிக்கு நிறுத்தினார்கள். தோற்றதைத்தான் கழித்தார்கள். நம் பட்டியில் வென்றது கசாப்புக்கும் தோற்றது பொலிக்கும் போகிறது.

விளம்பரத்தைப் படிக்கும் விதம்

பொலிகுதிரை வைத்திருப்போர், பெட்டைக் குதிரை வைத்திருப்போரை அழைக்க ஆண்டுதோறும் விளம்பரம் செய்வது வழக்கம். குதிரையின் படம், அதன் உயரம், நிறம், கட்டணம் ஆகியவை அதில் இருக்கும். அனுபவம் உள்ளவர்கள் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கீழே உள்ள எழுத்தையே கவனமாகப் படிப்பார்கள். அங்கே மூன்று செய்திகள் இருக்கும். முதலாவது, அந்தக் குதிரை தானே என்ன செய்தது. இரண்டாவது, அதன் தாயும் தகப்பனும் எப்படிப்பட்டவை, உடன்பிறந்தவை என்ன செய்தன. மூன்றாவது, அதற்குப் பிறந்த குட்டிகள் என்ன செய்தன. பெரிய பந்தயங்களில் வென்ற உறவுக் குதிரைகளின் பெயர்களை ஏலப் பட்டியலில் தடித்த எழுத்தில் அச்சிடுவார்கள். உயிருள்ள குட்டி பிறந்து எழுந்து நின்று பால் குடித்தால்தான் கட்டணம் என்ற நிபந்தனையும் பல இடங்களில் உண்டு.

தோற்றத்தை மட்டும் நம்பியவர்கள் ஏமாந்த வரலாறும் அங்கே உண்டு. கனடா நாட்டில் 1961-இல் பிறந்த 'நார்தர்ன் டான்சர்' என்னும் குட்டி உருவில் சிறியது. ஒரு வயதில் அதை 25,000 டாலருக்கு விற்க முன்வந்தபோது, வாங்க ஆள் இல்லை. அதே குதிரை 1964-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற கென்டக்கி டெர்பியில் வென்றது. பிறகு இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த பொலிகுதிரைகளுள் ஒன்றாக விளங்கியது. 1980-களில் அதனிடம் ஒருமுறை பெட்டையைச் சேர்க்கப் பத்து லட்சம் டாலர் வரை கேட்கப்பட்டது.

இதற்கு மாறான பாடமும் உண்டு. 1973-இல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற 'செக்ரடேரியட்' ஒப்பற்ற ஓட்டக் குதிரை. ஆனால் அதன் ஆண் குட்டிகளுள் தகப்பனுக்கு ஈடாக ஒன்றும் அமையவில்லை. அதன் பெயர் நிலைத்தது மகள்கள் வழியாகத்தான். ஏ.பி.இண்டி, ஸ்டார்ம் கேட் ஆகிய புகழ்பெற்ற பொலிகுதிரைகள் செக்ரடேரியட்டின் மகள்களுக்குப் பிறந்தவை. ஆகவே தானே சிறந்திருப்பது முதல் தகுதிதான். குட்டிகளைப் பார்த்த பின்பே பொலியின் மதிப்பு உறுதியாகும். மகள்களைப் பார்க்காமல் எந்தப் பொலியையும் கடைசியாக எடைபோட்டுவிடக் கூடாது.

சுழியும் அடையாளமும்

நம் தமிழ்நாட்டிலும் குதிரைச் சந்தை உண்டு. ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரை, மாட்டுச் சந்தை பேர் பெற்றது. அங்கு குதிரை வாங்க வருவோர் முதலில் பார்ப்பது சுழி. மாடு வாங்குவோரும் அப்படியே. இராஜ சுழி என்றால் விலை ஏறும். ஆகாத சுழி என்றால் நல்ல பிராணியும் விலை போகாது.

சுழி என்பது தோலில் மயிர் சுழன்று முளைக்கும் இடம். நம் கைரேகையைப் போல அது பிராணிக்குப் பிராணி மாறுபடும், ஆயுள் முழுவதும் மாறாது. இந்தக் காரணத்தால் பந்தயக் குதிரைகளின் அடையாளச் சீட்டில் சுழிகள் இருக்கும் இடத்தைக் குறித்து வைக்கிறார்கள். ஒரு குதிரைக்குப் பதில் வேறு குதிரையைக் காட்டி ஏமாற்றாமல் இருக்க அது உதவுகிறது. அதிர்ஷ்டத்துக்கும், குட்டியின் எடைக்கும், பாலுக்கும் சுழியோடு தொடர்பு இல்லை. அடையாளத்துக்குச் சுழியைப் பாருங்கள். பொலிக்கு வம்சத்தைப் பாருங்கள்.

வம்சம் பார்த்துக் காத்த இனத்துக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. காங்கயம் மாடு இன்று பேர் பெற்று நிற்பதற்கு, பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் போன்றோர் கொறங்காட்டு மேய்ச்சலில் தேர்ந்த காளைகளைப் பொலிக்கு நிறுத்திக் காத்தது முக்கியக் காரணமாகும்.

மந்தையில் பாதி கிடா

ஒரு பெட்டை ஆடு ஆண்டுக்கு ஒரு குட்டி தருகிறது. முப்பது பெட்டைக்கு நிற்கும் ஒரு கிடா ஆண்டுக்கு முப்பது குட்டிக்குத் தகப்பனாகிறது. ஒவ்வொரு குட்டியிலும் பாதி தாயுடையது, பாதி தகப்பனுடையது. ஆக, பிறக்கும் குட்டிகள் அனைத்திலும் பாதி அந்த ஒரே கிடாதான். அடுத்தடுத்து மூன்று தலைமுறைக்கு ஒரே தரமான கிடாக்களை மாற்றி மாற்றிச் சேர்த்துவந்தால், மந்தையில் முதல் தலைமுறையில் 50 சதவீதம், இரண்டாவதில் 75, மூன்றாவதில் 87.5 சதவீதம் கிடாக்களின் வழியாக வந்ததாகிவிடும். முப்பது பெட்டைகளையும் மாற்ற வேண்டியதில்லை. கிடாவை மட்டும் மாற்றினால் மந்தையே மாறுகிறது.

இதனால் கிடைக்கும் பயனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆறு மாத வயதில் மற்றக் கிடாக்குட்டிகளின் சராசரியைவிட 4 கிலோ கூடுதல் எடையுள்ள ஒரு குட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 4 கிலோவும் வம்சத்தால் வந்ததல்ல. தாயின் பால், மேய்ச்சல் முதலியவற்றாலும் வந்தது. செம்மறியின் வளர்ச்சியில் ஏறத்தாழ கால் பங்கே வம்சவழியாக வருவது. அதாவது ஒரு கிலோ. அதில் பாதியே குட்டிக்குச் சேரும். அதாவது அரைக் கிலோ. முப்பது குட்டிக்கு ஆண்டுக்கு 15 கிலோ உயிர் எடை. மாறாக, சராசரியைவிட 4 கிலோ குறைந்த கிடா பொலிக்கு நின்றால் 15 கிலோ இழப்பு. இரண்டு கிடாக்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஆண்டுக்கு 30 கிலோ, இரண்டு ஆண்டுக்கு 60 கிலோ. நன்கு வளர்ந்த இரண்டு ஆடுகளின் எடைக்கு இது சமம். மேய்ச்சலும் கூலியும் அதேதான். மேலும் நல்ல கிடாவின் பெண் குட்டிகள் பட்டியில் தாயாகத் தங்கி, அந்தப் பயனை அடுத்த தலைமுறைக்கும் கொடுக்கும்.

நல்ல கிடாவை விற்காமல் நிறுத்தினால் கைக்கு வரும் பணம் தள்ளிப் போகிறதே என்று தோன்றலாம். பணம் தள்ளிப் போகிறது, தொலைந்து போவதில்லை. இரண்டு ஆடிப் பருவம் பொலி சேர்த்த பிறகு அதே கிடாவை, முழு வளர்ச்சி பெற்ற எடையோடு விற்கலாம். நேர்த்திக்கு விட்ட கிடாவானாலும், பொலிக்குப் பயன்பட்ட பின்பு நேர்த்தியைச் செலுத்தலாம்.

பொலிகிடாவைத் தேர்ந்தெடுக்கும் முறை

இப்பகுதிக்கு ஏற்ற இனங்கள் இங்கேயே உள்ளன. வேம்பூர் செம்மறி வெள்ளை உடலில் ஒழுங்கற்ற செம்பொட்டுக்கள் உடையது. உயரமானது. காது தொங்கியிருக்கும். கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. வளர்ந்த கிடா சுமார் 35 கிலோவும் பெட்டை சுமார் 28 கிலோவும் இருக்கும். இதைப் போல் இராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல் முதலிய இனங்களும் தென் மாவட்டங்களில் உள்ளன. கரிசல் வெயிலில் நெடுந்தூரம் நடந்து மேய்ந்து, காய்ந்த தட்டையைத் தின்று பிழைக்கும் தன்மை இவற்றுக்கு உண்டு. வெளியூரிலிருந்து பெரிய உருவம் உள்ள கிடாவைக் கொண்டுவருவதற்கு முன், உள்ளூர் இனத்தில் சிறந்ததைத் தேடுவதே நலம்.

முதலில் கிடாவைப் பாருங்கள். ஒரே மாதத்தில் பிறந்த குட்டிகளோடு மட்டுமே அதை ஒப்பிட வேண்டும். மார்கழிக் குட்டியைச் சித்திரைக் குட்டியோடு ஒப்பிடக்கூடாது. ஒற்றைக் குட்டியை ஒற்றைக் குட்டியோடும், தலையீற்றுக் குட்டியைத் தலையீற்றுக் குட்டியோடும் ஒப்பிட வேண்டும். எடையில் முன்னிற்கும் நான்கைந்து குட்டிகளை முதலில் பொறுக்கி வைத்துக்கொண்டு, அவற்றில் நேரான கால், உறுதியான குளம்பு, அகன்ற மார்பு, மேல் தாடையோடு சரியாகப் பொருந்தும் பல் உள்ளவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விரைகள் இரண்டும் ஒரே அளவாக, கட்டி இன்றி, கைக்கு உறுதியாக இருக்க வேண்டும். ஒற்றை விரை உள்ளதை எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளிவிட வேண்டும்.

இரண்டாவதாகத் தாயைப் பாருங்கள். ஆண்டு தவறாமல் ஈன்று, குட்டியைச் சாகவிடாமல் வளர்த்து, வறட்சியிலும் மடி வற்றாத தாயின் மகனே பொலிக்கு ஏற்றது. சந்தையில் வாங்கும் கிடாவுக்குத் தாயைப் பார்க்க வழியில்லை. ஆகவே கூடியவரை பட்டிக்கே சென்று, தாயைப் பார்த்து வாங்குவது அவசியமாகும்.

மூன்றாவதாகக் குட்டிகளைப் பாருங்கள். பக்கத்து ஊரில் ஏற்கெனவே பொலிக்கு நின்ற கிடாவானால், அங்கு சென்று அதன் குட்டிகளைப் பத்துப் பதினைந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். கிடாவைப் புகழும் வார்த்தைகளைவிட அந்தக் குட்டிகளே சரியான சாட்சி.

காவியும் குறிப்பேடும்

வம்சப் பதிவேடு என்றவுடன் பெரிய காரியம் என்று மலைக்க வேண்டாம். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றும், கொக்கித் தராசு ஒன்றும், காது அடையாள வில்லைகளும் போதும். ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு வரி. குட்டியின் எண், தாயின் எண், தகப்பனின் எண், பிறந்த நாள், ஆணா பெண்ணா, பிறப்பு எடை, மூன்றாம் மாத எடை, ஆறாம் மாத எடை, இறப்பு அல்லது விற்பனை ஆகியவற்றை எழுத வேண்டும். சாக்குத் துணியைத் தொட்டில்போல் கட்டிக் குட்டியை அதில் இட்டுத் தராசில் மாட்டினால் இரண்டு நிமிடத்தில் எடை தெரியும். வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் இப்பொறுப்பைக் கொடுக்கலாம்.

பட்டியில் இரண்டு கிடா நின்றால் தகப்பன் யார் என்று தெரியாமல் போகும். ஆகவே சேர்க்கைக் காலத்தில் ஒரு மந்தைக்கு ஒரு கிடாவே நிற்க வேண்டும். ஐந்து மாதம் கடந்த கிடாக்குட்டிகளைத் தனியே பிரித்து அடைக்க வேண்டும், அல்லது பொலிக்கு வேண்டாதவற்றுக்குக் கால்நடை மருத்துவரைக் கொண்டு விரை நசுக்கிவிட வேண்டும்.

எந்தப் பெட்டை எப்போது சேர்ந்தது என்று அறிய எளிய முறை ஒன்று உண்டு. காவிமண்ணை எண்ணெயில் குழைத்துக் கிடாவின் மார்பில் பூசிவிட்டால், சேர்ந்த பெட்டையின் பின்புறத்தில் காவி ஒட்டும். அந்தப் பெட்டையின் எண்ணையும் நாளையும் எழுதிக்கொள்ளலாம். பெட்டை ஆடு சுமார் 17 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். ஆகவே 17 நாள் கழித்து, காவிக்குப் பதிலாக நீலத்தைப் பூச வேண்டும். காவி பட்ட பெட்டையின்மேல் மீண்டும் நீலமும் பட்டால், முதல் சேர்க்கையில் சினை பிடிக்கவில்லை என்று அறியலாம். பெரும்பாலான பெட்டைகள் மீண்டும் மீண்டும் வண்ணம் பட்டால் குறை கிடாவிடம் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மாடு வளர்ப்போருக்கும் இது பொருந்தும். கருவூட்டல் செய்யும்போது உறைவிந்துக் குழலின்மேல் காளையின் எண் அச்சிடப்பட்டிருக்கும். அதைக் கேட்டு எழுதிக்கொண்டால், பின்னால் பிறக்கும் கிடேரிக்குத் தகப்பன் யார் என்பது தெரியும். தகப்பனின் விந்தே மகளுக்கும் போடப்படாமல் தவிர்க்கலாம்.

மகளோடு சேரவிடலாகாது

நல்ல கிடாவானாலும் ஒரே பட்டியில் நெடுநாள் நின்றால் தன் மகள்களையே சேரும். தகப்பனும் மகளும் சேர்ந்து பிறக்கும் குட்டியில் உட்கலப்பு அளவு 25 சதவீதம். ஒரே கிடாவுக்கு வெவ்வேறு தாய்களிடம் பிறந்தவை சேர்ந்தால் 12.5 சதவீதம். இத்தகைய குட்டிகள் எடை குறைந்தும், எளிதில் நோய்ப்பட்டும், இளமையில் இறந்தும் போவது அதிகம். இதனால்தான் குதிரை வளர்ப்போர் சேர்க்கைக்கு முன் இரு பக்க வம்சத்தையும் நான்கைந்து தலைமுறை பின்னோக்கிப் பார்த்து, ஒரே பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுகிறார்கள்.

ஆடியில் கிடாவைச் சேர்த்தால் ஐந்து மாதம் கழித்து மார்கழியில் குட்டி பிறக்கும். மழைக்குப் பின் பசும்புல் உள்ள காலம் ஆதலால் தாய்க்குப் பால் இருக்கும். இரண்டாவது ஆடியில் மகள்களுக்கு ஏழு மாதமே ஆகியிருக்கும். அவற்றை அப்போது பிரித்து வைக்க வேண்டும். மூன்றாவது ஆடியில் அவை முழுப் பருவம் எய்திவிடும். ஆகவே மூன்றாவது ஆடிக்கு முன் கிடா பட்டியை விட்டுப் போயாக வேண்டும்.

அதை விற்கத்தான் வேண்டும் என்பதில்லை. நான்கு பேர் சேர்ந்தால் சுழற்சி முறையைக் கையாளலாம். முதல் பட்டியில் பிறந்த சிறந்த கிடா இரண்டாவது பட்டிக்கும், இரண்டாவதில் பிறந்தது மூன்றாவதுக்கும், மூன்றாவதில் பிறந்தது நான்காவதுக்கும், நான்காவதில் பிறந்தது முதலாவதுக்கும் போக வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, எப்போதும் இதே திசையில் மாற்றிக்கொள்ள வேண்டும். பெட்டைக் குட்டிகள் அவரவர் பட்டியிலேயே இருக்கும். பணம் கைமாறாமலே நான்கு மந்தைக்கும் நல்ல கிடா கிடைக்கும். ஒருவர் சிறந்த குட்டியை விற்றுவிட்டு மட்டமானதைக் கொடுத்தால் மற்ற மூவருக்கும் இழப்பு. ஆகையால் ஆறாம் மாத எடையை நால்வரும் கூடியிருந்து எடுப்பது நலம்.

கிடா பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை

1. வளர்ந்த கிடா ஒன்றுக்கு 25 முதல் 30 பெட்டைகள் போதும். இரண்டு பல் போட்ட இளங்கிடாவுக்கு 15 முதல் 20 பெட்டைகளுக்கு மேல் விடக்கூடாது.

2. விந்து உருவாக ஏறத்தாழ ஏழு வாரம் ஆகும். ஆடிச் சேர்க்கைக்கான விந்து வைகாசி, ஆனி மாதங்களிலேயே உருவாகிறது. அந்த வெயிலில் கிடா வாடினால் ஆடியில் சினை பிடிப்பது குறையும். ஆகவே அம்மாதங்களில் நண்பகலில் வேம்பு, புளி முதலிய மர நிழலில் கட்டி, குளிர்ந்த நீர் கொடுக்க வேண்டும்.

3. சேர்க்கைக்கு ஆறு வாரம் முன்பிருந்து நாளொன்றுக்கு கால் முதல் அரைக் கிலோ வரை கம்பு அல்லது சோளம், கடலைப் பிண்ணாக்கு கலந்த அடர்தீவனம் அளிக்கலாம். கிடாவை அளவுக்கு மீறிக் கொழுக்க வைப்பதும் நல்லதல்ல.

4. புதிதாக வாங்கிய கிடாவை மூன்று வாரமாவது தனியே கட்டி வைத்து, குடற்புழு நீக்கம் செய்த பின்பே மந்தையில் விட வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய், துள்ளுமாரி, ஆட்டம்மை, நீலநாக்கு நோய் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளைக் கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி போட வேண்டும்.

5. பெட்டைகள் கன்று வீசுவது தொடர்ந்தால், கிடாவுக்கும் கருச்சிதைவு நோய்ச் சோதனை செய்ய வேண்டும்.

முடிவாக

நல்ல வம்சம் என்பது பணக்காரப் பண்ணைகளுக்கு மட்டும் உரியதல்ல. பார்த்துப் பொறுக்குவதும், எழுதி வைப்பதும், காலத்தில் மாற்றுவதும் ஆகிய மூன்றையும் பத்து ஆடு வைத்திருப்பவரும் செய்யலாம். வரும் மார்கழிக் குட்டிகளை ஆறாம் மாதத்தில் எடைபோட்டு, முதலில் நிற்கும் ஒரே ஒரு கிடாக்குட்டியை மட்டும் வியாபாரி கேட்டாலும் கொடுப்பதில்லை என்று உழவர் பெருமக்கள் தீர்மானித்துக்கொண்டால் அதுவே நல்ல தொடக்கமாகும். மற்றவற்றை நல்ல விலைக்கு விற்கலாம். ஐயம் ஏற்பட்டால் அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தையோ, அருப்புக்கோட்டை வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ அணுகி ஆலோசனை பெறலாம். விதைக் கதிருக்குக் காட்டும் அக்கறையை விதைக்கிடாவுக்கும் காட்டி, கரிசல் உழவர்கள் பயன் பெறுவார்களாக.